கஸ்பார் தேர்ந்தெடுத்த மெஷின்

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் முப்பத்துநான்கு வருஷம் சனிக்கிழமைதோறும் படம் ஓட்டியவர் கஸ்பார். பள்ளி டிஜிட்டலுக்கு மாறியபோது, ஒதுக்கிப்போட்ட பதினாறு எம்.எம். புரொஜெக்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கிராமமான பள்ளங்கிக்குக் குடிவந்துவிட்டார். கேரட் போடுகிற ஊரில் இதற்கு என்ன சோலி என்று கேட்டவர்களோடு அவர் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. நல்ல மனுஷர்தான். இந்த மலையில் படம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு மட்டும் எலும்புவரை ஊறியிருந்தது.

அதில் மண்ணைப் போட வந்தவர் ஞானவேல். பழனிக்காரர், நாற்பது வயது. பழைய கேமராக்களையும் புரொஜெக்டர்களையும் வாங்கிச் சரிபண்ணி, கொடைக்கானல் ஏரிச் சாலையில் டூரிஸ்டுகளுக்குக் காட்சிக்கு வைத்திருந்தார். பேப்பரில் அவர் போட்டோ வந்தது. கஸ்பார் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி அடுப்படியில் விரித்து அதன்மேல் மிளகாய் காயப்போட்டார். மனைவி செல்வமேரி பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

பங்குக்கோயில் டிரங்குப் பெட்டியில் ஒரு ரீல் அகப்பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இந்தக் கோயிலில் இருந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் எடுத்த ஊமைப்படம். திருவிழாவில் சனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று பங்குத்தந்தை ஆண்டனிக்கு ஆசை. அவர் சொல்லியனுப்பியதில் கஸ்பாரின் மெஷினோடு ஞானவேலின் மெஷினும் கோயில் ஹாலுக்கு வந்து சேர்ந்தது.

"கஸ்பார், நீங்கதான் சீனியர். ரெண்டையும் பாத்து எது சரின்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ஃபைனல்" என்றார் ஃபாதர்.

வயிறு எரிந்துகொண்டிருக்கிறவரிடம் போய் நியாயம் கேட்டால் என்ன கிடைக்கும்?

ஞானவேல் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, இது செகண்டுக்குப் பதினாறு ஃபிரேம்ல எடுத்தது. உங்க மெஷின் பேசுற படத்துக்குள்ளது, இருபத்திநாலுல மட்டுந்தான் ஓடும். பதினாறு நிமிஷப் படம் பதினோரு நிமிஷத்துல முடிஞ்சிரும். ஆளுக எல்லாம் ஓடுவாங்க. என்னோடதுல வேகத்தைத் திருகிக் குறைச்சுக்கலாம்."

கஸ்பாருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததை இவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் கஷ்டம். "வேகத்தைக் குறைச்சா படம் கண்ணுச் சிமிட்டும்" என்றார்.

"சிமிட்டாதுங்கண்ணே. வெளிச்சத்தை மறைக்கிற தகட்டுல மூணு இறக்கை இருக்கு, ஒவ்வொரு ஃபிரேமையும் மூணு தடவை காட்டிரும். நீங்களே பாருங்க."

கஸ்பார் குனிந்து பார்த்தார். மூன்று இருந்தன. சுத்தமாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, பார்க்கவே ஆசையாக இருந்த மெஷின். அந்த அழகுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவர் ஒரு வேலை செய்தார். ரீலின் தொடக்கத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார். ரீல் மொறுமொறுவென்று கிடக்கிறது, அடிக்கடி ஓட்டினால் அறுந்துவிடும் என்று சொல்லி, முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் தன் மெஷினில் ஃபாதருக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஏரியும் மலையும் தவிர ஆள் ஒருத்தரும் இல்லை. நிற்கிற மலைக்கு எந்த வேகமாக இருந்தால் என்ன? ஃபாதருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"நம்ம மெஷினே போதும் ஃபாதர்" என்றார் கஸ்பார். திருவிழா முடிந்து எடுத்துப்போகலாம் என்று ஞானவேல் தன் மெஷினைப் பெட்டியில் வைத்து ஹால் மூலையில் ஓரங்கட்டினார்.

வீட்டில் செல்வமேரி கேட்டாள். "உண்மையிலயே உங்களுதுதான் நல்லதா?"

"வெரசா சோத்தைப் போடு."

திருவிழா அன்று பூசை முடிந்து ஹால் நிறையச் சனம். ஏரி வந்தது, மலை வந்தது. கஸ்பார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்புறம் சப்பர ஊர்வலம் வந்தது. சாமியார்கள் குடுகுடுவென்று ஓட, பின்னால் சப்பரம் தடதடவென்று ஆடி வந்தது. சிரிப்புக் கிளம்பியது. சப்பரத்தின் முன்கொம்பைத் தோளில் தாங்கி ஒல்லியாக ஒரு ஆள், நொண்டிக் காலோடு தவ்வித் தவ்வி வந்தார். ஹாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

கஸ்பார் அந்த முகத்தைப் பார்த்தார். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் ஒரே போட்டோவில் உள்ள முகம். அவருக்கு ஐந்து வயதாகும்போது செத்துப்போன அப்பா சவரிமுத்து. மரக்கட்டை விழுந்து கால் ஊனமானது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் நடந்தது ஞாபகமில்லை. பெற்ற தகப்பனைத் தன் கையாலேயே கோமாளியாக்கி ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார் கஸ்பார்.

சுவிட்சை அணைத்தார். விளக்கைப் போட்டார்கள். ஃபாதர் ஓடிவந்தார். "என்ன, லாம்ப் போயிருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

"இல்ல ஃபாதர். நான்தான் தெரிஞ்சே தப்பான மெஷினை எடுத்தேன். அது எங்க அப்பா." பின்வரிசையில் இருந்த ஞானவேலைப் பார்த்து, "உங்களுதை எடுத்து வைங்க" என்றார். செல்வமேரி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஞானவேல் ரீலைச் சுற்றி மாட்டினார். ஊர்வலம் திரும்ப வந்தபோது திருகை ஒரு நூல் குறைத்தார். சப்பரம் ஆடாமல் அசையாமல் வந்தது. சவரிமுத்து நல்ல காலை ஊன்றி, மற்றதை மெல்ல இழுத்து வைத்து, தோளில் பாரம் சரியாமல் நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கஸ்பாருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் அவர் திரையை மட்டும் பார்க்கவில்லை, திருகின்மேல் இருந்த அந்த விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பொறாமை ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அப்பாவை அவர் கண்முன்னால் நடக்கவிட்டது அந்தப் பழனிக்காரன் கை.