ஏழாம் நம்பர் கட்டிலும் 'எழுதிக்கொடுங்க' சிஸ்டரும்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள், பதினெட்டு மின்விசிறிகள். அவற்றில் சுற்றுபவை பதினொன்று. அங்கே டாக்டர்கள் பார்த்துப் பயந்தது ஒரே ஒரு சிஸ்டரை. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வார்டு வைத்த பெயர் 'எழுதிக்கொடுங்க'.

நடந்துகொண்டே உத்தரவு போடும் டாக்டர்களுக்கு அவர் ஒரு வேகத்தடை. "சிஸ்டர், பன்னிரண்டுக்கு அந்த ஊசியைப் போட்டுடுங்க" என்று ஒருவர் வாசலைத் தாண்டும்போது சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் கேஸ் ஷீட்டும் பேனாவும் மூக்குக்கு நேராக நீட்டப்பட்டிருக்கும். "எந்த ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு? எழுதிக் கொடுங்க டாக்டர்."

பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு டாக்டர் போனில் சொன்ன மருந்தை நம்பிப் போட்டார். நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். டாக்டரும் பிழைத்துக்கொண்டார், "நானா? நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று. சிஸ்டரைத் துணி அறைக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் படுக்கை விரிப்புகளை எண்ணினார். அந்த அறையில் படிப்பதற்கு இருந்தது செவிலியர் நடத்தை விதிப் புத்தகம் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதைப் படித்தார். ஆஸ்பத்திரி செய்த தவறுகளிலேயே பெரியது அவரை அந்தப் புத்தகத்தோடு தனியாக விட்டதுதான் என்று பின்னால் பலரும் சொன்னார்கள்.

வார்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு பீரோவை நகர்த்தினார். அதற்குப் பின்னால் பாதி மறைந்தபடி 'நோயாளிகளின் உரிமைகள்' என்ற பலகை மாட்டியிருந்தது. அதுவரை அந்த வார்டு நோயாளிகளுக்கு மூன்று உரிமைகள்தான் இருந்தன, நான்கிலிருந்து ஒன்பது வரை பீரோ மறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கடைக்குக் கிளம்பும் கணவர், "வாய்ல சொன்னா ஞாபகம் இருக்காதா எனக்கு?" என்று வீறாப்பாகக் கேட்பார். "போன வாரம் சோப்பு கேட்டேன், கொசுவத்தி வந்துச்சு" என்பார் சிஸ்டர். கணவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் இருந்த வார்டுக்குத்தான், ஏழாம் நம்பர் கட்டிலுக்கு, ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார்.

அறுபத்து நான்கு வயது. ஒற்றை அறைக் கடையில் நாற்பது வருஷமாக மிதி மிஷின் ஓட்டியவர். சர்க்கரை நோய் வலது காலில் ஏறி, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, 'ஆபரேஷன்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கம்பி நீட்டியவர். கையில் குத்திய குளுக்கோஸ் ஊசியோடு பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டார்.

சேர்ந்த மறுநாள் சிஸ்டர் கட்டுப் பிரித்து மருந்து போட்டார். அந்தப் புண்ணுக்கு மற்றவர்கள் கூரை இடியக் கத்துவார்கள். இவர் சிஸ்டரின் யூனிஃபார்ம் காலரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"காலர்ல உள்பட்டி சரியா வைக்கல, அதான் சுருண்டுக்குது. யார் தைச்சது?"

"அது கிடக்கட்டும் ஐயா. உங்களுக்கு வலிக்கலையா?"

தையல்காரர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன். என் பொண்ணு காதுக்குப் போகக் கூடாது."

"சொல்லுங்க."

"மூணு மாசமா அந்த ரெண்டு விரலும் என் பேச்சைக் கேக்கறதில்ல. ஒரு நாள் காலையில ஊசி குத்தி உள்ளேயே நின்னுடுச்சு. சாயங்காலம் செருப்பு மாட்டும்போதுதான் பாத்தேன். அதுவரைக்கும் நாலு சட்டை தைச்சுட்டேன்."

"டாக்டருக்குச் சொல்லித்தான் ஆகணும். உங்க பொண்ணுக்குச் சொல்ல மாட்டேன்."

"அது என்ன கணக்கு?"

"டாக்டருக்கு அது வைத்தியம் பண்ணத் தேவை. உங்க பொண்ணுக்கு உங்களைத் திட்டத்தான் தேவை."

தையல்காரருக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எழுதி நேரமும் குறித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, மாடிப்படி ஓரத்தில் மகள் வழிமறித்தாள். நாற்பது வயது, கையில் ஃப்ளாஸ்க், தோளில் பெரிய பை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"சிஸ்டர், நாளைக்கு அப்பாவுக்கு ரெண்டு விரலையும் எடுக்கறாங்க. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது. புண்ணைச் சுத்தம் பண்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். பெரிய டாக்டரும் சரின்னுட்டாரு."

"அவர் கையெழுத்து?"

"நான் போட்டுட்டேன், தம்பி போட்டுட்டான், என் வீட்டுக்காரரும் போட்டுட்டாரு. நீங்க சாட்சி போட்டா முடிஞ்சுது."

சிஸ்டர் சம்மதப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். குடும்பமே கையெழுத்து போட்டு, முகவரி எழுதி, போன் நம்பரும் கொடுத்திருந்தது. இரண்டு இடம் மட்டும் காலி. ஒன்று, செய்யப்போகும் சிகிச்சையின் பெயர். இன்னொன்று, காலுக்குச் சொந்தக்காரரின் கையெழுத்து.

"அப்பாவுக்கு நினைவெல்லாம் தெளிவா இருக்குல்ல?"

"ஏன் கேக்கறீங்க? போன வருஷம் யார் எத்தனை மீட்டர் துணி குடுத்தாங்கன்னு இப்பவும் சொல்வாரு."

"அப்போ அவர்தான் போடணும். அவருக்குப் பதிலா நீங்க போட்டா செல்லாது. அதுக்குக் கீழ நான் சாட்சி போட்டா, 'என் கண் முன்னாடி அவரே தெரிஞ்சு போட்டார்'னு நான் சொல்ற பொய்."

மகள் ஃப்ளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஓடிடுவாரு சிஸ்டர். போன தடவை ஓடினாரு. இந்தத் தடவை ஓடினா காலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு அவர் உயிரோட இருந்தா போதும்."

மகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் சங்கடம். அப்பாவின் ரகசியம் மகளுக்குத் தெரியக் கூடாது, மகளின் ரகசியம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. இரண்டும் சிஸ்டரின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

பெரிய டாக்டருக்கு வார்டில் 'பத்து நிமிஷம்' என்று பெயர். குடலிறக்கமோ குடல்வாலோ, அவருக்கு எல்லாமே பத்து நிமிஷ வேலைதான்.

"பத்து நிமிஷ வேலை சிஸ்டர், சாட்சி போட்டுடுங்களேன்."

"முதல்ல அவர் போடட்டும் டாக்டர்."

"அப்போ நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

"அறுக்கப்போறது நீங்க. எதை எடுக்கறீங்க, எடுக்கலைன்னா என்ன ஆகும், வேற வழி இருக்கா... இதெல்லாம் நீங்க விளக்கணும். நான் விளக்கினதா எழுதினா அதுவும் பொய்."

டாக்டர் மேட்ரனிடம் போனார். மேட்ரன் சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பி, அனுசரணையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, எல்லாரும் ஒண்ணு சொன்னா நீ மட்டும் ஒண்ணு சொல்லுவியா? சொந்தப் பொண்ணே கேக்குது. துணி அறையில இப்ப ஆள் இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். எழுதிக் கொடுங்க."

"எதை?"

"நோயாளி கையெழுத்து இல்லாத படிவத்துல சாட்சி போடுன்னு நீங்க சொன்னதை. தேதி, நேரம் போட்டு."

மேட்ரன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் அதன் முனையைப் பரிசோதித்துவிட்டு மூடி வைத்தார். "போய் வேலையைப் பாரு."

சிஸ்டர் வேலையைப் பார்க்கப் போனார். சம்மதப் படிவத்தை நோயாளிக்குப் புரிகிற மாதிரி படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வார்டில் அதை யாரும் செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஏழாம் நம்பர் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் ஃப்ளாஸ்க்கில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இது உங்க படிவம். படிக்கறேன், கேளுங்க. 'எனக்குச் செய்யப்போகும் சிகிச்சையின் பெயர்'. அடுத்த இடம் காலி."

"ஏன் காலி?"

"டாக்டரைத்தான் கேக்கணும். கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. 'இதன் பலன்களும் அபாயங்களும் எனக்கு விளக்கப்பட்டன.' விளக்கினாங்களா?"

"சுத்தம் பண்றாங்கன்னு பொண்ணு சொல்லிச்சு." தையல்காரர் படிவத்தை வாங்கி, துணியின் மடிப்பைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்தார். "இது உன் கையெழுத்து. இது உன் தம்பி. இது மாப்பிள்ளையா? சுத்தம் பண்றதுக்கு எதுக்கும்மா மூணு பேர்? கோட்டு தைக்கக் குடுக்கறவனே ஒரு கையெழுத்துதான் போடறான்."

மகள் ஊற்றியது டம்ளருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார் தையல்காரர்.

டாக்டர் வந்து நின்றார். "உக்காருங்க, நின்னுக்கிட்டே அளவெடுத்தா தப்பாயிடும்" என்றார் தையல்காரர். பல வருஷங்களில் முதல்முறையாகப் பெரிய டாக்டர் ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்தார். எழுந்திருக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று.

"எவ்வளவு வெட்டப்போறீங்க?"

டாக்டர் மகளைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், சாய்வதற்குச் சுவர்கூட இல்லை. "ரெண்டு விரல். ரெண்டும் செத்துப்போச்சு."

"வெட்டலைன்னா?"

"மேல ஏறும். பாதம் போகும். அப்புறம் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரர் டாக்டரின் உள்ளங்கையைப் பிடித்து, மிஷின் மிதியைப் போலச் சாய்த்து வைத்து, தன் நல்ல காலை அதன்மேல் ஊன்றினார். "இப்படித்தான் மிதிப்பேன். அழுத்தம் எங்க விழுது? விரல்லயா, முன்பாதத்துலயா?"

"முன்பாதத்துல. புண்ணு ஆறினப்புறம் மிதிக்கலாம். பழைய வேகம் வருமான்னு இப்பவே சொல்ல முடியாது."

"இது சுத்தமான பேச்சு." மகள் பக்கம் திரும்பினார். "செத்ததுன்னு எனக்கும் தெரியும்மா. மூணு மாசமா உணர்ச்சியே இல்ல."

"மூணு மாசமா!" மகளின் அழுகை அப்படியே கோபமாக மாறிற்று. "மூணு மாசமா வாயைத் திறக்கல! நான் தினமும் கால் எப்படியிருக்குன்னு கேட்டேனே, குத்துக்கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே!"

"நீ மட்டும் என்ன, சுத்தம் பண்றாங்கன்னு சொன்னியே!"

சிஸ்டர் இடையில் மூக்கை நுழைக்கவில்லை. பிறகு தையல்காரர், "சாயங்காலம் வரைக்கும் யோசிக்கறேன்" என்றார். "யோசிக்கலாம்" என்றார் சிஸ்டர், டாக்டர் வாயைத் திறப்பதற்குள். மகள் அப்பாவின் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

நான்கு மணிக்கு அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஏழாம் நம்பர் கட்டில் காலி.

வார்டே கிடுகிடுத்தது. வாசல் காவலாளி யாரையும் பார்க்கவில்லை என்றார், வழக்கம்போல. மேட்ரன் படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்தால் அவர் எப்போதும் சொல்லும் முழங்கால் வலி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். "பாத்தியா? படிச்சுக் காட்டினியே! ஓடிட்டாரு! இதுக்கு யார் பொறுப்பு?"

மகள் சிஸ்டரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். மேட்ரனின் ஐம்பது வார்த்தைகளைவிட அது பலமாக விழுந்தது. விதிப் புத்தகத்தில் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லும் பக்கம் இல்லை.

பிறகுதான் கவனித்தார், கட்டுப் போடும் அறை வாசலில் எப்போதும் நிற்கும் சக்கர நாற்காலி அங்கே இல்லை. செருப்பில்லாமல் ஓட நினைப்பவர் சக்கர நாற்காலியிலா பஸ் ஏறுவார்? பக்கத்து வார்டுக்கு ஓடினார். மகளும் மேட்ரனும் பின்னாலேயே.

அங்கே தையல்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன மாதம் மூன்று கால்விரல்கள் எடுக்கப்பட்ட ஒரு லாரி டிரைவர் அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார். கட்டை அவிழ்க்க வந்தவரைப் பிடித்து நடக்க வைத்திருக்கிறார்.

"அண்ணே, இன்னொரு தடவை திரும்புங்க. திரும்பும்போது சாயுதா?"

"முதல்ல சாய்ஞ்சுது. இப்ப பழகிப்போச்சு. ஏன்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என்னைய நடக்க விடறியே!"

"பிரேக் போடறீங்களா?"

"அடுத்த மாசத்துல இருந்து போடலாம்னாங்க."

தையல்காரர் அப்போதுதான் வாசலில் மூச்சிரைக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "என்ன, எல்லாரும் சேர்ந்து வந்துட்டீங்க?" மகளிடம் கை நீட்டினார். "பேனா இருந்தா குடு."

வார்டுக்குத் திரும்பியதும், படிவத்தின் காலி இடத்தில் டாக்டர் சிகிச்சையின் பெயரை எழுதினார். அதன் கீழே தையல்காரர், ரசீதுப் புத்தகத்தில் எழுதும் குண்டு குண்டான எழுத்தில், தன் பங்குக்குச் சேர்த்தார். "வலது கால், கடைசி இரண்டு விரல் மட்டும். மூன்றாவதைத் தொடுவதாக இருந்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும்."

"தியேட்டருக்குள்ள எப்படிக் கேக்கறது?" என்றார் டாக்டர்.

"முதுகுல போடற ஊசிதானே டாக்டர்? முழிச்சுத்தான் இருப்பாரு" என்றார் சிஸ்டர்.

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் சாட்சி போட்டார்.

மறுநாள் காலை, சாட்சியும் உள்ளே வர வேண்டும் என்று தையல்காரர் அடம்பிடித்ததால், சிஸ்டர் அவர் தலைமாட்டில் நின்றார். நடுவில் பச்சைத் திரை. பாதி வேலையில் திரைக்கு அந்தப் பக்கம் கத்திகளின் சத்தம் நின்றது.

"ஐயா," என்றார் பெரிய டாக்டர், "மூணாவது விரல் ஓரத்துல லேசா நிறம் மாறியிருக்கு. இப்பவே எடுக்கலாம். இல்ல, மருந்து போட்டுப் பத்து நாள் பாக்கலாம். பாக்கறதுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு. ரெண்டும் செய்யக்கூடியதுதான். நீங்க சொல்லுங்க."

தையல்காரர் கூரையைப் பார்த்து யோசித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"வெட்டினப்புறம் வேணாம்னு தோணினா ஒட்டித் தைக்க முடியுமா?"

"முடியாது."

"அப்போ பாக்கலாம். ஆனா தினமும் பாத்துட்டு எனக்கு உள்ளதைச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் டாக்டர். கையில் எடுத்திருந்த கத்தியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.

சிஸ்டர் வெளியே வந்தபோது மகள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள். "எத்தனை எடுத்தாங்க சிஸ்டர்? மூணாவதுக்கும் கேட்டாங்களா? என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்காரு. அரை மணி நேரத்துல வார்டுக்கு வந்துடுவாரு. மத்ததை அவர்கிட்டயே கேளுங்க."

"நான் கேட்டா சொல்வாரா?"

"அது அவர் இஷ்டம்" என்றார் சிஸ்டர். "ஆனா இந்தத் தடவை சொல்வாருன்னு நினைக்கறேன்."