எண்பது கிலோமீட்டர் ஆசையும் ஒரு முழங்காலும்

எங்கள் பைக்கின் எஞ்சின் செத்துப்போனதற்கு நான்தான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். ஆயில் மாற்றவில்லையாம். உண்மைதான். நான் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் பயனர் கையேடு எழுதிப் பிழைப்பவன். 'குறித்த காலத்தில் பராமரிக்கவும்' என்கிற வரியை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதியவனும் அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போனார். அன்றைக்கே முடிவு செய்தேன்: பெட்ரோல் இனி வேண்டாம், பைக்கை எலெக்ட்ரிக்காக மாற்றிவிடுவது. அடுத்த மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் தாடி வைத்த இளைஞர்கள் பழைய வண்டியில் பெரிய மோட்டாரைப் பூட்டி, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பாய்ந்தார்கள். அந்தத் தாடிகளுக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வயதில் தொப்பையோடு நானும் மனசுக்குள் பாய்ந்தேன். வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் பேச வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி "எழுபத்திரண்டு வோல்ட் பேட்டரி பேக் போட்டா..." என்று ஆரம்பித்தால், மனைவி ரசத்தை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவளுடைய கவலை வேறு. அவள் கணக்கு டீச்சர். எங்கள் வீடு மேனாம்பேட்டில். பள்ளி ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு மேம்பாலம். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடிப்படியும் ஏற்றமும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குவதே அவளுக்குத் தண்டனை. ஆகவே என் பைக்கின் பின் சீட்டுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வழி. மூன்று மாதமாக அந்த வழி அடைபட்டுக் கிடந்தது.

"என்னமோ பண்ணிக்கோங்க," என்றாள். "ஆனா பாலத்துல என்னை இறங்கி நடக்க வெச்சீங்கன்னா, அன்னிக்கே வண்டி காயலான் கடைக்குப் போயிடும்."

"மூவாயிரம் வாட்டு மோட்டாரு. பாலமே இறங்கி வழிவிடும்," என்றேன்.

கள்ளிக்குப்பத்தில் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கென்றே ஒருவர் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மீட்டரைப் பார்க்காமலே, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர் மேஜையில் இரண்டு மோட்டார்களை எடுத்து வைத்தார். இரண்டுமே பின்சக்கரத்துக்குள் உட்காருகிற வகை. வெளியே இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில்தான் வித்தியாசம்.

"இது ஸ்பீடு சார். எண்பது, எண்பத்தஞ்சு அசால்ட்டா போவும். ஆனா வெயிட் ஏத்திகினு மேட்டுல நின்னு கெளம்புனா மூச்சு வாங்கும். இது டார்க்கு, இழுவ சக்தி. எருமை மாதிரி எவ்ளோ வேணா இழுக்கும். ஆனா நாப்பத்தஞ்சுக்கு மேல செத்தாலும் போவாது." ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். "நீங்களும் வூட்டம்மாவும் சேர்ந்து எத்தினி கிலோ கீறீங்கோ? நூத்தி முப்பதுக்குள்ளன்னா ஸ்பீடு போடலாம். மேலன்னா எருமதான்."

நான் தடுமாறியது இந்த இடத்தில்தான். எந்த விண்ணப்பத்திலும் என் எடையை எழுபது என்றே எழுதிவருகிறேன். அது எடை இல்லை, கொள்கை. மனைவியின் எடையோ எனக்குத் தெரியாது. இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இருபத்து நாலு வருஷம் ஆகியிருக்காது. பெண் பார்க்கப் போன அன்று கண்ணால் அளந்த ஒரு கணக்கு மட்டும் கைவசம் இருந்தது.

"நான் எழுபது. அவங்க அம்பத்தஞ்சு."

பட்டறைக்காரர் எழுதினார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். "சார், வயிறு தனி வண்டியில வருதா?"

"ஸ்பீடே போடுங்க," என்றேன்.

வண்டி தயாரானது, அதற்கான காகிதங்களும் ஆர்டிஓ ஆபீசில் ஒரு வழியாக மாறி வந்தன. அது தனிப் புராணம், இங்கே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சாலை காலியாகக் கிடந்தபோது தனியாக எடுத்துக்கொண்டு போனேன். எழுபத்தெட்டு தொட்டது. சத்தமே இல்லை. வழக்கமாகத் துரத்துகிற நாய்கள், எதைத் துரத்துவது என்று புரியாமல் எழுந்து நின்று என்னைப் பார்த்தன. காதில் காற்று மட்டும். தேரில் வரும் சங்ககாலத் தலைவன் மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். தலைவி பால் பாக்கெட் வாங்கிவரவில்லையா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை இருவருமாகக் கிளம்பினோம். அவள் மடியில் விடைத்தாள் பை, டிபன் பை. பாலத்தில் பாதி ஏறியபோது முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. நின்று நகர்ந்தது. நகர்ந்து நின்றது. ஒவ்வொரு முறையும் நான் முறுக்க, சக்கரத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. நாலாவது முறை, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விட்ட மாதிரி ஒரு வாசனை. ஐந்தாவது முறை மீட்டரில் ஏதோ குறியீடு மின்னியது. வண்டி செத்தது. அதோடு விடாமல் பின்னால் உருள ஆரம்பித்தது.

அவள் இறங்கினாள்.

இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, இடது காலைப் பக்கவாட்டில் வீசி வைத்து ஏறினாள். நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பள்ளி வேன் ஒன்று கடந்தது. ஜன்னல்களிலிருந்து "குட் மார்னிங் மிஸ்" என்று கோரஸ். அவள் சிரித்துக் கையாட்டினாள். பின்னால் வந்ததால் அந்தச் சிரிப்பை நான் பார்க்க நேரவில்லை, நல்லவேளை.

ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "இன்னா நைனா, டீச்சர நடக்க வுட்டுட்டு வண்டிய தள்ளினு வர? அவங்கள ஏத்திக்கினு போலாமே!" அவரே ஏற்றிக்கொண்டும் போனார்.

சாயங்காலம் முழங்கால் வீங்கியிருந்தது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காயலான் கடைக்காரருக்குப் போன் பண்ணுங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பேரம் பேசலாம்.

நான் ஒரு கோழையின் காரியத்தைச் செய்தேன். "அந்தப் பட்டறைக்காரன் ஏமாத்திட்டான். மட்டமான மோட்டார்," என்றேன்.

கணக்கு டீச்சர்களுக்கு அநியாயம் பிடிக்காது. "அப்படியா? சனிக்கிழமை நானே வந்து கேக்கறேன்," என்றாள்.

சனிக்கிழமை போனோம். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். பட்டறைக்காரர் மறுத்துப் பேசவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "சார் சொன்ன கணக்குக்குத்தான் டீச்சரம்மா போட்டேன். நூத்தி முப்பது தாண்டியிருந்தா இன்னொரு மோட்டாரு கீது, எருமை மாதிரி இழுக்கும், அதத்தான் போட்டிருப்பேன்."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "எழுபது, அம்பத்தஞ்சு. கூட்டல் சரியா இருக்கு." சீட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். "இந்த அம்பத்தஞ்சு யாருங்க?"

பக்கத்துக் கிரில் பட்டறையில் இரும்பு நிறுக்கிற எடைமேடை இருந்தது. அவள் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே முதலில் ஏறினாள். எழுபத்து மூன்று. சத்தமாகப் படித்தாள், வகுப்பில் விடை சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்தாள். நான் பர்ஸையும் போனையும் வெளியே வைத்துவிட்டு ஏறினேன். எண்பத்தாறு.

"நூத்தி அம்பத்தொன்பது. முப்பத்தி நாலு கிலோ வித்தியாசம்," என்றாள். "பத்து வயசுப் பிள்ளை ஒண்ண நடுவுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. ரெண்டு மூணு கிலோ தப்புன்னா ஸ்டெப் மார்க்காவது போடலாம்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "ஏன் குறைச்சுச் சொன்னீங்க? என் மரியாதைக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள்.

அதைத்தான் சொல்லலாம் என்று வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டு, வேறு வழியில்லாமல், "எண்பதுல போகணும்னு ஆசை," என்றேன்.

பட்டறைக்காரருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பேனர் காணாமல் போனது. மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"வேகம் உங்களுக்கு. இறங்கினது நான்," என்றாள்.

அவள் மேஜைப் பக்கம் திரும்பி, "தம்பி, இன்னொண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, எருமை. அதைப் போடுங்க," என்றாள். காயலான் கடை பற்றி யாரும் பேசவில்லை. நானாகப் பேசுவேனா?

அடுத்த திங்கட்கிழமை அதே பாலம், அதே நெரிசல். இந்தத் தடவை முன்னால் ஒரு பஸ். பாதி ஏற்றத்தில் நின்றோம். முறுக்கினேன். வண்டி ஒரு முனகலும் இல்லாமல், யாரோ பின்னாலிருந்து பொறுமையாகத் தள்ளுவது போல நகர்ந்தது. நின்றோம். மறுபடி நகர்ந்தது. ஆறேழு முறை. ஒவ்வொரு முறையும் என் தோளில் அவள் விரல்கள் இறுகின, வண்டி நகர்ந்ததும் தளர்ந்தன. உச்சிக்கு வந்தபோது மீட்டர் பதினாறு காட்டியது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்திருந்தால், என்னை விட அது குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

பள்ளி வாசலில் இறங்கி, இடது காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பாராட்டு ஏதாவது வரும் என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"சாயங்காலம் நாலரைக்கு வந்துடுங்க," என்றாள். "அந்தப் பக்கத்துலேருந்தும் பாலம் ஏத்தம்தான்."