இடப்பக்கம் இல்லாத குகை

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் பலர் உண்டு. குகைக்கு டிசைன் போட்டவன் சிவப்பிரகாசம் ஒருவன்தான்.

எண்பத்து நாலில் மெட்ராஸ் போனவன், நடைபாதைக் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தான். உள்ளே ஒரு விளையாட்டின் விதிகள். ஒருவன் மனசுக்குள் ஒரு குகையைக் கட்டி, அதில் பூதத்தையும் புதையலையும் வைக்க வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, சுற்றி உட்கார்ந்து, வாய்ப்பேச்சாலேயே அதற்குள் போக வேண்டும். பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும்.

அகராதியை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கப் படித்தான். விதிப்படி வேண்டிய இருபது முகப் பகடைக்கு ஆரணியில் எங்கே போவது? அட்டைத் துண்டுகளில் எண் எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினான். எல்லாம் தயார், ஆள்தான் இல்லை. தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் அவனும், சேலை டிசைன் வரையும் கட்டம்போட்ட கிராஃப் தாள்களும் மட்டும்தான்.

டிசைனைப் பார்த்துத் தறி அட்டையில் ஓட்டை குத்தும் மணவாளனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்து உட்காரவைத்தான். மணவாளன் பூதத்திடம் பீடி கேட்டான், அடி வாங்கினான், கொட்டாவி விட்டான்.

"கெலிச்சது யாருப்பா?"

"இதுல கெலிக்கிறதுன்னு இல்லடா."

"அப்ப இன்னாத்துக்கு உக்காந்துகினு இருக்கோம்?"

அதன்பின் ஞாயிறு என்றால் மணவாளன் வேறு தெரு வழியாகப் போனான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பழைய சொந்தக்காரன் ஜெயச்சந்திரனின் பெங்களூர் விலாசம் இருந்தது. சிவப்பிரகாசம் எழுதிப் போட்டான். தமிழிலேயே பதில் வந்தது. காலேஜ் நண்பர்கள் நாலு பேர் இன்னும் ஆடுகிறார்களாம். குகையை வரைந்து அனுப்பினால் அதற்குள் போய்ப் பார்த்து, நடந்ததை எழுதுவார்களாம்.

தன் குகைக்குள் நாலு பேர் நடப்பார்கள். அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. முதலாளி அருணாச்சலம் கேட்ட பார்டரைத் தள்ளிவைத்து, வசவும் வாங்கிக்கொண்டு, குகையை வரைந்தான். ஒரு கட்டம் ஓர் அடி. பாலத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்குப் பச்சை. அனுப்பியதிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து போனான்.

"அண்ணா, குகை பிரமாதம்," என்று எழுதியிருந்தான் ஜெயச்சந்திரன். "வாசல்ல நுழைஞ்சு இடது பக்கம் திரும்பினோம். அங்க பேப்பரே இல்ல."

சேலை டிசைனைப் பாதிதான் வரைவார்கள். மறுபாதியைத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு எந்திரம் தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். வருஷக்கணக்காகப் பாதி வரைந்தே பழகிய கை, தாளின் இடது ஓரத்தையே நடுக்கோடாக்கி வாசலை அங்கே வைத்து, வலப்பக்கத்தை முடித்ததும் வேலை முடிந்ததென்று நின்றுவிட்டது.

கடிதத்தில் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நண்பர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார்கள். படிப்பு முடிந்து இரண்டு பேர் துபாய் கிளம்புகிறார்கள், இனிமேல் கூடுவது கஷ்டம்.

சிவப்பிரகாசம் அதை நின்றபடியே படித்தான். வலப்பக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் ஒரு சாயங்கால வேலை. அதற்கு மனசு வரவில்லை, புதிதாகவே வரைய உட்கார்ந்தான். இடப்பக்கத்தில் பூதம் எதையும் வைக்கவில்லை. ஓர் ஆறு, கரையில் ஒரு படகு, அதைத் தாண்டி நாலு பேர் தாராளமாக உட்காரும்படி ஒரு கூடம். அந்த வாரமெல்லாம் வரைந்தான்.

அருணாச்சலம் எட்டிப் பார்த்து, யார் ஆர்டர் என்று கேட்டார்.

"பெங்களூர் பார்ட்டிங்க," என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து உறையில் போட்டான்.