கண்ணாடிக் கிளாஸில் கள் ஊற்றிய ஏகாம்பரம்

போன வியாழக்கிழமை காலையில் ஓரிக்கையிலிருந்து செல்வி போன் செய்தாள். ஏகாம்பரத்தின் மகள் அவள். "அப்பா பூட்டாரு," என்றாள். "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்," என்றாள். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சாவுக்குப் போகக் காஞ்சிபுரம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மானாம்பதி போகும் சாலையில் அவருடைய கள்ளுக்கடையாக இருந்த அந்தக் கீற்றுக் கொட்டகையில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அந்தக் கொட்டகையைப் பார்த்திராத உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசு கள்ளுக்கடைகளை மறுபடி திறந்தபோது ஏகாம்பரம் ஏலத்தில் ஒரு கடை எடுத்தார். அவர் ஊர்த்தெருக்காரர். நான் காலனிக்காரன், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அப்பாவோடு கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. கடையில் கள் ஊற்ற ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார். நான் ஊற்றினால் ஊர்க்காரர்கள் குடிப்பார்களா என்று கேட்டேன். "கள்ளு நல்லா இருந்தா குடிப்பாங்க," என்றார்.

கள் நன்றாகத்தான் இருந்தது. ஏரிக்கரைப் பனைகளிலிருந்து விடியும் முன்பே இறக்கிய கள்ளைப் பன்னாடையில் வடிகட்டி, பானைகளைக் கழுத்தளவு ஈர மணலில் புதைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டு வைப்போம். சாக்கு காயக் கூடாது. மணிக்கொரு தரம் அவரே வந்து மணலுக்குள் கைவிட்டுப் பார்ப்பார். காலையில் இனிப்பாகக் கேட்கிறவர்கள் உண்டு; உச்சி வேளையில் புளிப்பேறிய பிறகு வருகிறவர்கள் உண்டு. யாருக்கு எது என்பது அவருக்கு மனப்பாடம். பொழுது சாய்ந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்.

பக்கத்து ஊர்க் கடையில் ஐஸ் போட்டு விற்கிறார்கள், நாமும் போடலாமே என்று ஒரு சித்திரையில் சொல்லிப் பார்த்தேன். "ஐஸ் போட்டா நாக்கு மரத்துப் பூடும். இன்னா குடிக்கிறோம்னே தெரியாது. கெட்டுப்போன கள்ளுக்குத்தான் ஐஸ் வேணும்," என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் கடையில் மண் மொந்தையும் கிடையாது. மொந்தையில் கள் குளிர்ச்சியாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஈ விழுந்ததா, தண்ணீர் கலந்ததா என்று குடிக்கிறவனால் பார்க்க முடியாது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பாயிடம் மூன்று டஜன் கனத்த கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வெயிலில் சுட்ட கிளாஸில் ஊற்றினால் கோபம் வந்துவிடும். கோபக்காரர்தான்.

அந்த நாளில் மற்ற கடைகளில் ஊர்க்காரர்களுக்குக் கிளாஸ், உள்ளே பெஞ்சு. எங்களுக்குப் பனையோலைப் பட்டை. வெளியே குந்தி, இரண்டு கையாலும் பட்டையை ஏந்திக்கொள்ள வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். கடை திறந்த முதல் நாள் என் அப்பா முனியன் அப்படித்தான் மடித்த ஓலையோடு வாசலில் வந்து நின்றார். ஏகாம்பரம் ஒரு கிளாஸை நிரப்பி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"நான் இங்கியே குடிச்சிக்கிறேன் சாமி," என்றார் அப்பா.

"வெளிய வெய்யில் கீது. கையில புடிச்சிக்கினு நிக்கிறதுக்குள்ள சூடாயிடும். உள்ள வந்து உக்காந்து குடிங்க," என்றார் அவர்.

அப்பா உள்ளே வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பிறகு என் பக்கத்தில் இருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தான் குடிப்பதன் நிறத்தை அன்றைக்குத்தான் அவர் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, நடுப்பகலில், பெரிய வீட்டுக் கோதண்டம் ஆட்களோடு வந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. காலனிக்குத் தனியாகப் பட்டை வைக்கச் சொன்னார். ஏகாம்பரம் முடியாது என்றார். வந்தவர்கள் கிளாஸ்களை வாரித் தரையில் அடித்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர்கள் போன பிறகு, செருப்பில்லாமல் வருகிறவர்கள் காலில் குத்துமே என்று குனிந்து சில்லுச் சில்லாகப் பொறுக்கினார். வேலையை விட்டுவிடுகிறேன், உங்களுக்கு ஏன் பேஜார் என்றேன். அவர் நிமிரவில்லை. "எல்லாருக்கும் கிளாஸ். இல்லன்னா எல்லாருக்கும் பட்டை," என்றார்.

மறுநாளிலிருந்து பட்டைதான். ஊர்க்காரருக்கும் பட்டை, காலனிக்கும் பட்டை, அவருக்கும் பட்டை. எல்லோரும் அதே பெஞ்சில். ஊர்த்தெருவில் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். அவருடைய சொந்த அண்ணன் பேச்சை நிறுத்தினார், சாகும்வரை பேசவில்லை. பல நாட்கள் நானும் அவரும் நிறைந்த பானைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

கத்திரி வெயிலில் கோதண்டம் கள் வாங்கிவர ஆள் மூலம் பித்தளைச் சொம்பு கொடுத்தனுப்பினார். ஏகாம்பரம் அதைத் திருப்பி அனுப்பினார். கடைக்கு வந்தால் உண்டு என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கோதண்டமே வந்தார். ஏகாம்பரம் வடிகட்டும் வேலை இருப்பதுபோல் பின்பக்கம் போய்விட்டார். பெஞ்சில் என் அப்பா இருந்தார். கோதண்டம் சற்று நேரம் நின்றார். பிறகு அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஓலையை ஏந்தினார். நான் ஊற்றினேன். குடித்துவிட்டு, "இன்னொன்னு ஊத்து," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. மனம் மாறியதாகவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என் கையால் ஊற்றியதை அவர் இரண்டு தடவை குடித்தார். அடுத்த வாரம் ஏகாம்பரம் போய்ப் புதுக் கிளாஸ்கள் வாங்கி வந்தார். அவற்றை யாரும் உடைக்கவில்லை.

எங்கள் கடையைச் சபித்த பெண்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஏகாம்பரம் அவர்களோடு வாதாடியதில்லை. மூன்றாவது கிளாஸ் கேட்டவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சில வருடங்களில் அரசு கடைகளை மூடியது. அவர் மகளோடு ஓரிக்கைக்குப் போனார். நான் தேர்வு எழுதி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். அங்கே செல்வியின் மாமனார் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவர் கேட்க, "கடையில இவர்கிட்ட வேலை செஞ்சேங்க," என்றேன். ஏகாம்பரம் கையை ஆட்டி என்னை நிறுத்தினார்.

"என்கிட்ட இல்ல. என்கூட வேல செஞ்சவரு," என்றார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல். இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன்: நான் ஏகாம்பரத்துடன் வேலை செய்தவன்.