ஒரு ஆள் போதும்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்கள் நான் மறைமலை நகரில், கார்களுக்குக் கதவுக் கீல் செய்துகொடுக்கும் ஓர் ஆலையில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். வேலை நியமனக் கடிதத்தில் என் பதவிக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆலையில் அது யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் நான் ‘சிஸ்டம் சார்’, அவ்வளவுதான்.

இன்னொரு சிஸ்டம் சாரும் உண்டு. மேற்குத் தாம்பரத்துக்காரர், என் வயதுதான். எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். அவர் என்னை மச்சான் என்றார். அவர் தாம்பரத்தில் ஏறும் மின்சார ரயிலில் நான் ஊரப்பாக்கத்தில் ஏறுவேன். எனக்கு இடம் பிடிக்கிறேன் என்று பையை இருக்கையில் வைத்துவிட்டு, வண்டலூர் வரைக்கும் ஊர் வாயில் விழுந்து எழுந்து வருவார்.

எங்கள் வேலையில் பாதி நடைதான். புதிதாக ஒரு மென்பொருள் வந்தால் சி.டி.க்களைப் பையில் போட்டுக்கொண்டு மேஜை மேஜையாகப் போக வேண்டும். “கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா சார்” என்று கேட்டு, அவர் இருக்கையில் உட்கார்ந்து, நீலப் பட்டை நகர்வதை வேடிக்கை பார்க்க வேண்டும். அதற்குள் டீ வரும். டெஸ்பாட்ச் அக்கா வீட்டு முறுக்கு வரும். யாருக்கு யாரோடு ஆகவில்லை என்ற சேதி வரும். ஆலையின் எம்.டி.க்குத் தெரியாததெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சுகத்தில் மண்ணைப் போட வந்தவர் எங்கள் மேனேஜர். சிட்டியில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவார். வந்தால் எங்கள் அறை ஏ.சி.யைக் குறைகூறாமல் போக மாட்டார். அந்த முறை வந்ததும் ஏ.சி.யை மறந்துவிட்டார். கம்பெனி ஒரு டூல் வாங்கியிருக்கிறதாம். சர்வர் அறையில் உட்கார்ந்தபடி ஒரு க்ளிக் செய்தால் ஆலையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் மென்பொருள் தானாக இறங்கிவிடும். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரைக்கூட நெட்வொர்க் வழியாகத் தட்டி எழுப்பும். வேலை முடிந்தால் திரையில் அதன் பெயர் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு.

“இனிமே யாரும் நடக்க வேண்டாம். ஒரு ஆள் போதும்” என்றார்.

“அப்ப இன்னொரு ஆள் சார்?” என்று பாய் கேட்டார்.

வட இந்தியாவில், மலையடிவாரத்தில், கம்பெனி ஒரு புது ஆலை கட்டிக்கொண்டிருந்தது. வரிச்சலுகைக்காக எல்லோரும் அங்கே ஓடிய காலம். மிஞ்சுகிற ஆள் அங்கே போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். யார் மிஞ்சுகிற ஆள் என்பதை டூல் நன்றாக ஓடியபின் சொல்வதாகச் சொன்னார் மேனேஜர். சொல்லிவிட்டு ஏ.சி.யையும் குறைகூறிவிட்டுத்தான் போனார்.

என் மனைவிக்கு அப்போதுதான் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. பாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்து இன்னும் கழுத்து நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் இந்தி, பாட்டுக் கேட்கிற அளவுக்குத்தான். ரயிலில் வழக்கம்போலப் பேசினோம், இதை மட்டும் விட்டுவிட்டு.

இதில் ஒரு கூத்து உண்டு. நடையை ஒழிக்க வந்த அந்த டூல் வேலை செய்ய, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முதலில் ஏஜென்ட் என்று ஒரு குட்டி மென்பொருளைப் போட வேண்டும். அதை யார் போடுவது? நாங்கள்தான். எப்படி? நடந்து. “நமக்கு நாமே குழி தோண்டறதுக்கு மம்பட்டியையும் நாமளே தூக்கிட்டுப் போறோம் மச்சான்” என்றார் பாய். முறுக்கு அந்த முறையும் வந்தது.

ஏஜென்ட் எல்லாம் ஏறியதும் மேனேஜர் ஜெனரல் மேனேஜரை அழைத்துவந்து வித்தை காட்டினார். “எங்கிருந்து வேணும்னாலும் யார் ஸ்கிரீனையும் பார்க்கலாம் சார்” என்று கணக்குப் பிரிவு அதிகாரியின் திரையைச் சர்வர் அறையில் திறந்தார். அதிகாரி தன் மகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரல் மேனேஜர் கிட்டே குனிந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, “ரஜ்ஜு இல்லையே, வேற பையனப் பார்க்கச் சொல்லுங்க” என்றார். டூல் பாஸாகிவிட்டது.

நிஜப் பரீட்சை ஆயுத பூஜைக்கு வந்தது. எங்களிடம் கீல் வாங்கும் கார் கம்பெனி, தணிக்கைக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் புது வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் ஆர்டர் சந்தேகம். மேனேஜர் ஆயுத பூஜை விடுமுறையைத் தேர்ந்தெடுத்தார். அன்று யாரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள், டூல் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும் என்பது அவர் கணக்கு. மனிதர் சிட்டியிலேயே வளர்ந்தவர். ஓர் ஆலையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் ஆலையில் விடுமுறைக்கு முந்தின நாள் பூஜை என்றால் ஸ்பேனரிலிருந்து பிரஸ் மிஷின் வரைக்கும் குளித்துவிடும். கம்ப்யூட்டரைக் குளிப்பாட்ட முடியாது என்பதால் துடைத்துத் துடைத்தே அதைப் பழிவாங்குவார்கள். துடைக்க வசதியாக எல்லா ஒயரையும் பிடுங்குவார்கள். பிறகு பிரிவில் உள்ள கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே மேஜையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப்பூ போட்டு, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதன்பின் மறுநாள் விடுமுறை முடிந்து திரும்பும்வரை எதையும் தொடக்கூடாது. ஆயுதங்களுக்கு ஓய்வு.

விடுமுறையன்று காலையில் நானும் பாயும் மாடியிலுள்ள சர்வர் அறையில் உட்கார்ந்தோம். சர்வருக்கு மட்டும் பூஜையில் விலக்கு உண்டு; அது என்றைக்கும் தூங்காதது, சாமி மாதிரி என்று பர்ச்சேஸ்காரர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். நான் என் பெயரில் லாகின் செய்து க்ளிக் செய்தேன். டூல் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் தட்டி எழுப்பிப் பார்த்தது. எழுந்தால்தானே? மின்சாரமும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை, நெற்றியில் பொட்டோடு எல்லாம் நிம்மதியாகக் கிடந்தன. திரை மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாய்க்கும்தான், ஆனால் அவர் நோன்பு வைத்திருந்தார், கம்மியாகச் சிரித்தார். அந்த வருடம் ரமலான் மாதத்தில் ஆயுத பூஜை வந்திருந்தது.

“அப்படியே விட்டுடலாம் பாய். சிவப்பாவே இருக்கட்டும். ஒரு ஆள் பத்தாதுன்னு அந்தாளுக்குப் புரியட்டும்” என்றேன்.

பாய் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “ஆடிட் ஊத்திக்கும் மச்சான். ஆர்டர் போச்சுன்னா ரெண்டு ஆளும் வேணாம்னு ஆயிடும். மிஷின் மேல நிக்கிறவன் எத்தினி பேரு, அவனுங்களும் சேர்ந்து போவானுங்க. எழுந்திரு, போய் ஒயரை மாட்டலாம்.”

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனோம். அவர் பூட்டைத் திறந்தார், ஆனால் வாசலை மறித்து நின்றார்.

“இன்னா சார் பண்ணப் போறீங்கோ? சாமி கும்புட்டு வச்சிகீது. இன்னிக்கு ஆயுதத்த தொட்டா கண்ணு போயிடும் சார். அப்பால என்னிய கேட்டுகினு வராதீங்கோ.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி வேறு, எதையும் தொட்டுத் தொலைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பாய் என்னைப் பார்த்தார், வாட்ச்மேனைப் பார்த்தார். ஒயரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீ மேல போய் ஸ்கிரீன் முன்னாடி உட்காரு மச்சான். நான் தொடுறேன். உங்க சாமிக்கு என் மேல என்ன கேஸ் கீது?”

வாட்ச்மேன் யோசித்தார். “பாய் தொடலாம்” என்று வழிவிட்டார்.

அன்று பகல் முழுக்க இப்படித்தான் போயிற்று. பாய் பிரிவு பிரிவாகப் போய் மேஜைக்கடியில் நுழைந்து ஒயர்களை மாட்டுவார். பிறகு அங்கிருந்து இன்டர்காமில் கூப்பிடுவார். “பர்ச்சேஸ் போட்டாச்சு, பாரு.” நான் திரையைப் பார்த்து, காத்திருந்து, “பச்சை” என்பேன். அடுத்த பிரிவு. ஸ்டோர்ஸில் எந்தப் பக்திமானோ நெட்வொர்க் ஒயர் மாட்டும் துளைக்குள்ளும் விட்டுவைக்காமல் சந்தனம் வைத்திருந்தான். அது காய்ந்து கல்லாகிவிட்டது. பாய் குண்டூசியால் அதைச் சுரண்டி எடுத்தார். வெளியே இருந்த பொட்டுகள் ஒன்றுகூடக் கலையவில்லை. பூவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பூஜை செய்தவர்களே அவ்வளவு பதவிசாக வைத்திருக்க மாட்டார்கள். நான் மேலே ஏ.சி.யில் உட்கார்ந்து படையல் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தேன். இன்டர்காமில் சத்தம் கேட்டு, “பொரி தின்னுறியா நீ? நான் இங்க நாக்கு வறண்டு கிடக்கேன்” என்று திட்டினார்.

சாயங்காலம் கடைசிக் கம்ப்யூட்டரும் பச்சையானது. பாய் மேலே வந்து தரையில் சாய்ந்தார். சட்டையெல்லாம் ஒட்டடையும் குங்குமமும். நேரம் வந்ததும் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார், தண்ணீர் குடித்தார், என் பொரிப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டார். “சரஸ்வதி பொரில நோன்பு தொறந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன்” என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒட்டடையாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

தணிக்கை பிரமாதமாக முடிந்தது. மேனேஜர் அந்தப் பச்சைத் திரையைப் பெரிதாக அச்சடித்து எம்.டி.யிடம் கொடுத்தார். அதில் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. க்ளிக் செய்தது என் லாகின். ஒயர் மாட்டியவர் பெயரை எழுத அந்த டூலில் இடமே கிடையாது. என்னைத் தனியாக அழைத்து, “ஒரே ஆள், ஒரே நாள், பார்த்தீங்களா?” என்று மேனேஜர் கை குலுக்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், அன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர்கூட எழுந்திருக்கல. நோன்போட எல்லா ஒயரையும் மாட்டினது பாய். அவர் இல்லேன்னா மொத்தமும் சிவப்பு. ரெண்டு பேரும் வேணும் சார்” என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

மேனேஜர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது. “அப்படியா! அங்க புது ப்ளான்ட்ல இன்னும் எதுவும் ரெடி இல்ல. டூல் கிடையாது, எல்லாம் கையாலதான் பண்ணணும். இவர்தான் அதுக்குச் சரியான ஆள்” என்றார்.

அன்று ரயிலில் பாயிடம் சொன்னேன். எனக்காக வாய் திறந்தியா என்று முதலில் என் தோளைத் தட்டினார். பிறகு, “கொஞ்சம் கம்மியா புகழ்ந்திருக்கலாம் மச்சான்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். கூடுவாஞ்சேரி தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் ஊரப்பாக்கத்தில் இறங்கும்வரை திரும்பவில்லை. மாதம் முடிவதற்குள் கைக்குழந்தையையும் மனைவியையும் தாம்பரத்திலேயே விட்டுவிட்டு வடக்கே போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்த மேனேஜர் மேல் இருந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

மறு வருடம் செப்டம்பரில் ஒரு நாள் பாய் போன் செய்தார். எடுத்ததுமே சிரிப்பு.

“மச்சான், இங்க விஸ்வகர்மா பூஜையாம். எல்லா ஒயரையும் புடுங்கிட்டுப் பொட்டு வச்சிருக்கானுங்க. எவனும் தொட மாட்டேங்கறான். பாயைக் கூப்பிடுன்னு என்னைத்தான் கூப்பிட்டானுங்க.”

அடுத்து எங்கள் ஆயுத பூஜை வந்தது. ஒயரைப் பிடுங்காதீர்கள் என்று பிரிவு பிரிவாகப் போய்க் கெஞ்சியிருந்தேன். சரி சரி என்றவர்கள் பிடுங்கித்தான் வைத்திருந்தார்கள். மேனேஜர் அந்த விடுமுறையிலும் ஏதோ ஒரு புது மென்பொருளை இறக்கச் சொல்லியிருந்தார். திரை முழுக்கச் சிவப்பு. சாவிக்கொத்தோடு வந்த வாட்ச்மேன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பாய் இல்லியா சார்?”

கணக்குப் பிரிவு மேஜைக்கு முன்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்று, செல்போனில் பாயைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“மாட்டு மச்சான். கண்ணு போனா என் பேரைச் சொல்லிடு” என்றார்.

மேஜைக்கடியில் நுழைந்து மாட்டினேன். கையெல்லாம் சந்தனம். கண் போகவில்லை.

“பச்சையா?” என்று கேட்டார்.

“தெரியல பாய். மேல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். ஸ்கிரீன் முன்னாடி ஆள் இல்ல.”

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் அவரைக் கூப்பிடுவது கேட்டது.

“ஒரு ஆள் போதும்னாங்களே மச்சான்” என்றார் பாய்.