பச்சைப் பலகை

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தால் பருப்பு எங்கே போயிற்று என்று சமையல்காரரின் அலமாரியை எட்டிப் பார்ப்பேன். ரூமில் எவனாவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் என் பெட்டி இருக்கிறதா என்று காலால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். தொண்ணூறுகளின் நடுவில் அஜ்மானில் ஒரு படகுப் பட்டறையில் தச்சனாக இருந்தேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அங்கே நான் செய்த காரியம் ஒன்று உண்டு.

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, தான் மீன் பிடிக்கப் போவதற்கென்று ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி ஷெட்டில் இறக்கினார். அடிப்பக்கமெல்லாம் அம்மை வார்த்ததுபோல் கொப்புளம். அதைத் தேய்த்துப் பூசிவிடலாம். உண்மையான கோளாறு பின்னால் இருந்தது. எஞ்சினை மாட்டும் பின்பலகையை டிரான்ஸம் என்போம். வெளியே பார்க்க ஃபைபர், உள்ளே பிளைவுட். சுத்தியல் காம்பால் தட்டினேன். நல்ல மரமாக இருந்தால் டங்கென்று கேட்கும். இது அழுகின பூசணிக்காய் மாதிரி பொத்பொத்தென்றது.

மரம் என் வேலை, ஃபைபர் பாயின் வேலை. பாய் ராமநாதபுரம் கடற்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரபி தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அதுதான் ஆகாது. அவரும் அர்பாபும் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு செய்துவிடுவேன்.

அந்தப் படகில் எனக்குப் பெரிய காரியம் ஒன்று மாட்டியிருந்தது. படகு கோளாறில்லாமல் ஓடினால் ரம்ஜான் கழிந்ததும் லீவு தருவதாக அர்பாப் சொல்லியிருந்தார். ஊரில் எனக்கு இரண்டு வயதில் மகள். போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தேன். பாஸ்போர்ட் அர்பாபின் பீரோவில். பலகை சரியில்லை என்றால் தச்சன் தலைதான் உருளும், லீவும் போய்விடும்.

பழைய பலகையை வெட்டி எடுத்தோம். கறுப்புக் கூழாகக் கையோடு வந்தது. நன்றாகக் காய்ந்த மரைன் பிளைவுட் இரண்டு தாள் எடுத்து, ஒட்டி, அளவு பார்த்து அறுத்துப் பாயிடம் கொடுத்தேன். பொருத்தும் நேரத்தில் நான் கூட இருக்க முடியவில்லை. அர்பாப் வீட்டில் கதவு ஒன்று இறங்கிவிட்டது என்று என்னை இரண்டு நாள் அங்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் படகின் பின்பக்கத்தைச் சுற்றித் தார்ப்பாய் தொங்குகிறது. கிட்டப் போனேன். "அங்கே நில்லுங்க ஆசாரி" என்று பாய் கையைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை, துபாய் தேராவில் கடை வைத்திருந்த அவருடைய ஊர்க்காரர் பார்க்க வந்தார். நான் படகுக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து கொப்புளம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன காக்கா, வேலை முடிஞ்சிச்சா?" அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"எங்க முடிய? பலகை இன்னும் பச்சையாத்தான் கெடக்கு. மேல பாத்தா தெரியாது. அர்பாப்ட்ட கலாஸ், முடிஞ்சிருச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். நீ யார்ட்டயும் வாயைத் தொறந்துராத."

தேய்த்த கை நின்றுவிட்டது. தச்சனுக்குப் பச்சை என்றால் ஒரே அர்த்தம், ஈரம் வற்றாத மரம். என் காய்ந்த பலகையை எடுத்துக்கொண்டு ஈரப் பலகையை உள்ளே வைத்து மூடிவிட்டார் இந்த ஆள். வெளியே ஓடிப் பார்த்தேன். ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் நனைந்து கிடந்த பழைய பிளைவுட் தாளைக் காணவில்லை. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? (அந்தத் தாள் எங்கள் பட்டறை டிரைவரின் கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. அது தெரிய எனக்கு ஒரு மாதமாயிற்று.)

வெள்ளிக்கிழமை பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போகும்வரை காத்திருந்தேன். ஷெட்டில் யாருமில்லை. தார்ப்பாயை விலக்கிப் படகுக்குள் ஏறி, பின்பலகையின் அடியில், யார் கண்ணும் போகாத மூலையில், சுண்டுவிரல் கனத்துக்கு டிரில்லால் ஒரு ஓட்டை போட்டேன். முதலில் ஃபைபர் பிசின் பிசினாகச் சுருண்டு வந்து பிட்டில் ஒட்டியது. பிறகு மரத்தூள். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். மஞ்சளாக, பொலபொலவென்று, சுத்தமாகக் காய்ந்திருந்தது. என் பலகையேதான்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ நான் போட்ட ஓட்டைதான் கண்ணில் நின்றது. அதை ரெசின், அதாவது ஃபைபரை இறுக்கும் பசை, விட்டுத்தான் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் தேங்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கிவிடும். ரெசின் டிரம்மைத் திறந்தால் பாய் கண்டுபிடித்துவிடுவார். என்னிடம் இருந்த, மரச் சந்துகளை அடைக்கும் புட்டியை அழுத்தித் திணித்து, மேலே வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு வைத்துவிட்டு இறங்கினேன்.

பாய் தொழுகை முடிந்து அத்தர் வாசனையோடு வந்தார். கையில் எனக்கும் சேர்த்து பிரியாணிப் பொட்டலம்.

"ஆசாரி, திங்கக்கெழமை வரைக்கும் பின்பக்கம் யாரையும் உடாதீங்க. சூட்டுல சட்டுனு இறுகிருமேன்னு பயந்து ஹார்டனரைக் கொறச்சு ஊத்திட்டேன், ரெசின் இன்னும் இறுகாம பச்சையா இருக்கு. அர்பாப் யல்லா யல்லான்னு அவசரப்படுத்திட்டு நிக்கிறாரு. இப்பவே எஞ்சினை மாட்டுனா பலகை ஆடிரும். அப்புறம் மரம் சரியில்லன்னு உங்க பேரைத்தான் சொல்லுவாங்க. உங்க லீவு கெட்டுரும்ல? அதான் முடிஞ்சிருச்சின்னு சொல்லிட்டு, பூச்சு வேலை பாக்குற மாதிரி நாளைக் கடத்துறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாய், தப்பாக நினைத்து ஓட்டை போட்டுவிட்டேன், அடைத்துவிடுங்கள் என்று. அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. திட்டியிருப்பார், அடைத்திருப்பார். ஆனால் என் புத்தி எங்கே போயிற்று என்றால், சொன்னால் இவர் அர்பாபிடம் அரபியில் சொல்லிவிடுவார் என்று போயிற்று. "சரி பாய்" என்றேன். பிரியாணியைச் சாப்பிட்டேன்.

படகு இறங்கியது, நன்றாகவே ஓடியது. ரம்ஜான் கழிந்து எனக்கு லீவும் கிடைத்தது. மகள் ஒரு வாரம் என்னிடம் வரவே இல்லை. அப்புறம் என் தோளைவிட்டு இறங்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பினேன். படகு மறுபடி ஷெட்டில் நின்றது, பாயைக் காணவில்லை. டிரைவர் சொன்னார். வேகமெடுக்கும்போது எஞ்சின் பின்பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் பலகையிலிருந்து தண்ணீர் வடிந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் அது ஃபைபர் வேலைக்காரன் குற்றம். தன் வேலையில் குறையில்லை என்று பாய் அந்தச் சரளமான அரபியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அர்பாப் ஒரே வார்த்தையில் கலாஸ் என்றுவிட்டார். விசாவை ரத்து செய்து அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

புதிய ஃபைபர்காரன் நாகர்கோவில் பக்கத்துப் பையன், வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பலகையைப் பிரித்தோம். மேலே மரம் கெட்டியாக இருந்தது. பாயின் ஃபைபர் உளியை உள்ளே விடவில்லை, அப்படி ஒட்டியிருந்தது. அடியில் ஒரு மூலையில் மட்டும் கறுப்பு. அங்கிருந்து விசிறி மாதிரி விரிந்து போல்ட் ஓட்டைகள் வரை ஏறியிருந்தது. எனக்கு அந்த இடத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவன் குனிந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இது ட்ரில் போட்ட ஓட்டைல்லா? யாருண்ணே போட்டிருப்பா?"

அப்போதும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அர்பாப் ஆபீஸ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த பாய்தான் போட்டிருப்பாரு" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கிரைண்டரை எடுத்தான். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான்.