‘இயக்கம்’ என்ற ஒரு சொல்லுக்காக

சகோதர சகோதரிகளே, இதை நான் பெருமையோடு சொல்ல வரவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு திங்கட்கிழமை, என் மகள் மெர்லின் இரண்டு மாதம் பாடுபட்டு எழுதியதை இந்தக் கையால் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அப்போது நாங்கள் லண்டனில் பிளேஸ்டோ பக்கம் இருந்தோம். எனக்கு பஸ் கராஜில் பஸ் கழுவும் வேலை. மெர்லினுக்குப் பதினேழு வயது. யூனிவர்சிட்டிக்குப் போகமுன் எடுக்கிற ஏ லெவல் சோதனைக்கு அவள் எடுத்த ஒரு பாடம் அமெரிக்க வரலாறும் அரசாங்கமும். “அமெரிக்கன்ர அரசாங்கத்தைப் படிச்சு லண்டனில ஆருக்குப் பிரயோசனம்?” என்று அவளை நக்கலடிப்பேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்தத் திங்கள், வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பைலை அணைத்தபடி பக்கத்தில் வந்து இருந்தாள். அதிசயமாகத் தமிழில் பேசினாள்.

“அப்பா, நான் இயக்கத்தைப் பற்றி எழுதுறன். எனக்கு இயக்கம் நல்லா விருப்பம்.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை. என் தம்பி, இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரவேயில்லை. எங்கள் சனத்துக்கு இயக்கம் என்றால் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்ததுதான், வேறு அர்த்தம் கிடையாது. பைலைப் பறித்தேன். ஊர்வலப் படங்களும் பொலிஸ் படங்களும் கண்ணில் பட்டன. ஒரு வரிகூட வாசிக்கவில்லை. எல்லாம் அவளுடைய கையெழுத்து. கிழித்து வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். “இனிப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!” என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை குப்பை லொறி வந்து போனது. அதற்குப் பிறகுதான் என் மனைவி ரெஜினா பிள்ளையிடம் கேட்டறிந்து வந்தாள்.

“என்ன வேலை பாத்தனீங்கள்? அது எங்கட இயக்கம் இல்லையப்பா. அமெரிக்காவில கறுப்பினச் சனம் பஸ்ஸில சரிசமமா இருக்கவேணுமெண்டு, ஒரு வருசமா பஸ்ஸில ஏறாமல் நடந்ததாம். நீங்கள் பஸ்ஸில வேலை செய்யிறபடியால் உங்களுக்கு விளங்குமெண்டு, ‘மூவ்மென்ட்’ எண்டதுக்கு அகராதியில தமிழ்ச் சொல் தேடிக்கொண்டு வந்தவள். வெள்ளிக்கிழமை குடுக்கவேணுமாம்.”

அன்று செவ்வாய், அந்தோனியார் நாள். கோயிலுக்கு ஓடிப்போய் முழந்தாளில் விழுந்தேன்.

“அந்தோனியாரே, துலைஞ்சதைத் தேடித் தாறனீர். நான் துலைக்கேல்லை, எறிஞ்சுபோட்டன். எண்டாலும் தாரும்.”

புதன்கிழமை லீவு எடுத்துப் பள்ளிக்கூடம் போனேன். உடைந்த ஆங்கிலத்தில் அந்த வரலாற்று ஆசிரியையிடம் நான் செய்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். பிள்ளைகள் முதலில் எழுதிய பிரதிகளை இரண்டு கிழமைக்கு முன்பு வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருந்தாராம். மெர்லினுடையதும் இருந்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். கடைசிப் பகுதியை மட்டும் அவள் இரண்டு நாளில் திரும்ப எழுதி, வெள்ளிக்கிழமை கொடுத்தாள். நல்ல பெறுபேறும் வந்தது. அந்தோனியாருக்கு நன்றி.

ஆனால் எறிந்த எல்லாமே திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டு வந்ததேயில்லை. இப்போது வேறு ஊரில் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். போனில் இரண்டு வார்த்தை, அதுவும் ஆங்கிலத்தில். தம்பியைப் பறிகொடுத்த பயத்தில் பிள்ளையின் வாயையும் நானே அடைத்துவிட்டேன். இதை நினைக்காத நாளில்லை.

அவளுடைய கட்டுரையின் கொப்பியை அகராதி வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். செவ்வாய்க்கு ஒரு பக்கம். போன கிழமை ஒரு சொல் விளங்கவில்லை. அவளுக்கே போன் எடுத்துக் கேட்டேன். தமிழில்தான் பதில் சொன்னாள்.

“அதுக்குத் தமிழில என்னெண்டு தெரியேல்லை அப்பா. தேடிப் பாத்துச் சொல்லுறன்.”

நம்பிக் கேளுங்கள், அந்தோனியார் கைவிடமாட்டார். ஆனால் கையில் எடுத்ததைக் கிழிக்க முன்பு, பிள்ளையிடமும் ஒருமுறை கேளுங்கள். நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.